தொலைக்காட்சியில் ஒரு திருநீற்றுக் கை

எங்கள் கிங்ஸ்பரி வீட்டில் அமெரிக்கத் தேர்தலை மாமாவும் நானும்தான் நடத்தினோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பகலில் பெற்றோல் நிலையத்தில் வேலை. மாலையில் ஒரு தமிழ் வார இதழுக்கு வெளிநாட்டுச் செய்திப் பக்கம் எழுதுவார். ஆறு மணிச் செய்தியை வீடியோவில் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடுவார். அப்படியும் பிடிபடாத ஆங்கிலத்தை விளக்குவது ஒன்பது வயதுப் பிள்ளையான நான்தான். அந்தப் பதவியில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தத் தேர்தலில் தொலைக்காட்சிப் பிரசங்கிமார் அரசியலுக்குள் இறங்கியிருந்தார்கள். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று ஆண்டவரின் பேரால் ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டு, திரையில் கையை வைத்து வேண்டுங்கள் என்றார். சனங்கள் தங்கள் தங்கள் வீட்டில் முழங்காலிட்டுத் திரையைத் தொட்டதையும் காட்டினார்கள்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "உந்த விசர்ச் சனத்தைப் பார் பிள்ளை!" உடனே 'மூளையை அடகு வைத்த சனங்கள்' என்று எழுதினார். எனக்கு அந்த வசனம் நன்றாகப் பிடித்துவிட்டது.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "என்னவாம் அவர்?"

"டிவியில கை வைச்சுக் கேட்டா, கேட்டது கிடைக்குமாம்" என்றேன்.

"ஓ" என்றுவிட்டு அம்மா உள்ளே போனார்.

அம்மாவுக்கு அப்போது ஒரே கவலைதான். ஊர்ச் சண்டைக்குத் தப்பி அகதியாக வந்த மாமாவை இந்த நாட்டில் இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று சொல்லும் கடிதம் இன்னும் வரவில்லை. அதற்காக வெள்ளிக்கிழமை விரதம், முருகனுக்கு அர்ச்சனை, மாதா கோயிலில் மெழுகுதிரி. எந்தக் கடவுளையும் அவர் விட்டுவைக்கவில்லை. திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்கு முன்னால் ஒருவரும் பேசமாட்டார்கள். மாமா ஊர் பார்க்கப் போவார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால், திரையின் நடுவில் ஐந்து விரலும் பதிந்த திருநீற்றுக் கை! வீடியோவுக்குள் நேற்றைய செய்தி நாடா. ரிமோட்டைத் தொடவே பயப்படும் அம்மா அந்த இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

மாமா வந்ததும் வராததுமாகக் கோள் மூட்டினேன். "மாமா, அம்மாவும் விசர்ச் சனம்!"

அவர் சிரிக்கவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"துடைக்கட்டோ?"

"வேண்டாம், கிடக்கட்டும்."

அன்றைய செய்தியை அந்தக் கையினூடாகவே பார்த்தோம். பிறகு மாமா கட்டுரையை எடுத்து எனக்குப் பிடித்த வசனத்தை வெட்டினார். நான் சண்டை பிடித்தேன்.

"பிரசங்கியாரை நல்லா ஏசுவம் பிள்ளை. சனத்தை விடுவம்."

இன்று வெளிநாட்டுச் செய்தி எழுதுவதுதான் என் தொழில். அமெரிக்கத் தேர்தல் வரும்போதெல்லாம் எப்படியும் ஒரு வசனத்தை வெட்டிவிடுவேன். மாமாவுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தீராது.

உண்மையைச் சொன்னால், அம்மாவின் கை அடையாளத்துக்கு மேல் நானும் ஒருநாள் கள்ளமாகக் கை வைத்தேன். சிவப்பு சைக்கிள் கேட்டேன்.

மூன்று வாரத்தில் வந்தது மாமாவின் கடிதம்தான். இருக்கலாமாம். அம்மா மாடிப்படியில் அப்படியே குந்தியிருந்து குழறி அழுதார். மாமா அவருடைய தோளைப் பிடித்தபடி நின்றார். நான் வாசலைத் திறந்து சைக்கிள் நிற்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அம்மாவிடம் திரும்பிக் கேட்டேன்.

"நீங்கள் கேட்டது கிடைச்சிட்டுதுதானே? பிறகேன் அழுறீங்கள்?"