அரைகுறை இத்தாலிய மொழியோடு ரேணிகுண்டாவுக்கு

போன மாசியில் ஒரு வியாழக்கிழமை திருப்பதிக்குப் போனேன். மலை ஏறவில்லை, லட்டும் வாங்கவில்லை. அலிபிரி நடைபாதை பற்றிக் கேட்டு எழுதுகிறவர்கள் மன்னிக்கவும். நான் போனது ஓர் அம்மாவுக்கு மொழிபெயர்க்க.

சென்னையில் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன் மூன்றையும் சேர்த்துப் படிக்கிறேன். பிரெஞ்சு நன்றாக வரும். ஸ்பானிஷ் பரவாயில்லை. இத்தாலியன் அரைகுறை. "மூணு பாஷை படிச்சு யார்கிட்ட பேசப்போறே?" என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். புதன் மாலை எங்கள் பேராசிரியை போன் செய்தார். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்த மார்க்கோ என்ற இளைஞர், மாரடைப்பு வந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். அவருடைய அம்மா ரொசான்னா இத்தாலியிலிருந்து வருகிறார், வேறு மொழி தெரியாது, கூட இருக்க ஆள் வேண்டும் என்றார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லை. தலையெழுத்தே என்று ஒப்புக்கொண்டேன்.

சென்ட்ரலில் காலை ரயிலைப் பிடித்தால் ரேணிகுண்டாவுக்கு இரண்டரை மணி நேரம். இருக்கை டிக்கெட் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். வழி முழுக்க ஜுரம், ரத்த அழுத்தம், தீவிர சிகிச்சை என்று ஆஸ்பத்திரி வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ஸ்டேஷனிலிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை.

வாசலில் கம்பெனி அதிகாரி சுதாகர் காத்திருந்தார். பக்கத்தில் கார் டிரைவர் முனிரத்னம், நகரிக்காரர். விமானம் இறங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"அந்தப் பையன் செவ்வாக்கெழமையே போயிட்டாரும்மா," என்றார் சுதாகர். "அந்தம்மாவுக்குத் தெரியாது. நீ உடம்பு முடியலன்னே சொல்லிக்கினு வா. ஆஸ்பத்திரில டாக்டர் சொல்லட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரைத் திட்டவும் முடியவில்லை. நம் பக்கத்து வழக்கம்தானே அது? தூரத்தில் இருக்கிறவர்களிடம் போனில் சாவைச் சொல்ல மாட்டோம். "உடம்பு ரொம்ப முடியல, கிளம்பி வா" என்போம். கேட்கிறவருக்கும் பாதி விளங்கிவிடும், பஸ்ஸில் அழுதுகொண்டே வருவார். என் மாமா இறந்தபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

ரொசான்னாவுக்கு அந்தப் பாதி விளங்கவில்லை. நரைத்த தலை, கசங்கிய நீலக் கோட்டு, முகத்தில் நம்பிக்கை. நான் சிரித்து வணங்கி, பெட்டியை வாங்கிக்கொண்டேன். காரில் முன்சீட்டில் சுதாகர், பின்சீட்டில் அவரும் நானும். மகனுக்குப் புது இரவு உடை வாங்கி வந்ததாகச் சொன்னார். சாப்பிடுகிறானா என்று கேட்டார். "பார்க்கலாம்," என்றேன். பிறகு கோட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு, "அவனுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. போனதும் எடுத்துக்கொள்ளச் சொல்," என்றார்.

அட போங்கப்பா, இதற்கு மேல் என்னால் முடியாது. "அண்ணா, வண்டிய ஓரம் நிறுத்துங்க."

"இன்னாமா, வாந்தி வருதா?" என்றார் முனிரத்னம்.

நான் செய்யப்போவது சுதாகருக்குப் புரிந்துவிட்டது. "வத்தம்மா, வத்து! ரோட்டுலயா சொல்லுவ?" என்று தெலுங்கில் வேண்டாமென்று தடுத்துக் கையை ஆட்டினார்.

சொன்னேன். இறந்தார் என்ற சொல்லை வகுப்பில் எழுத்தாளர்களின் வாழ்க்கைக் குறிப்பு எழுதத்தான் பயன்படுத்தியிருக்கிறோம். வாயில் ஸ்பானிஷ்தான் முதலில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "மார்க்கோ இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை," என்று இத்தாலியனில் சொன்னேன்.

அவர் அழவில்லை. என்னையே பார்த்தார். "உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டா என்னைப் பார்த்துச் சிரித்தாய்?"

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு, கடைசி நேரத்தில் மகனோடு யார் இருந்தார்கள் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். முனிரத்னம் பின்பக்கம் திரும்பினார்.

"நான்தாம்மா. ஸ்ரீசிட்டிலேந்து இதே வண்டிலதான் கூட்டிக்கினு வந்தேன். முன்சீட்டுல ஒக்காந்திருந்தாரு. என் கையப் புடிச்சிக்கினாரு. நானும் ஒரு கையாலயே ஓட்டிக்கினு வந்தேன். கியர் போடறப்பகூட அவர் கை என் கை மேலதான் இருந்துச்சி. காளாஸ்திரி தாண்டினப்புறம் பிடி தளர்ந்துடுச்சிம்மா."

"வலித்ததா?" என்றார் ரொசான்னா.

முனிரத்னம் தலைகுனிந்தார். "ரொம்ப."

"அத மட்டும் சொல்லாதம்மா," என்று கெஞ்சினார் சுதாகர். ரொசான்னா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அப்போதுதான் அவர் அழுதார், நானும் அழுதேன்.

அங்கிருந்து ஊருக்குள் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. பிணவறை, போலீஸ், தூதரகத்து போன் என்று இரண்டு நாள் ஓடின. எதையும் குறைக்காமல், பூசி மெழுகாமல் மொழிபெயர்த்தேன். தடுமாறிய இடங்களில் அவரே எனக்குச் சரியான வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். மகனின் பிரேதப் பரிசோதனையைப் பற்றிப் பேச ஒரு தாய் எனக்கு இத்தாலியன் சொல்லிக்கொடுத்தார்.

பயணத் தகவல் தேடி வந்தவர்களுக்கு: பேருந்து நிலையத்தருகே சுமாரான அறை ஆயிரத்து இருநூறு. வார இறுதியில் கிடைக்காது, முன்பதிவு செய்யுங்கள். விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். மொழி படிக்கிறவர்களுக்கு: யாராவது ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்தால், நோயாளி எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்காதீர்கள். வருகிறவரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் கேளுங்கள். கேட்ட பிறகு போவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

சனிக்கிழமை காலை சவப்பெட்டி சுதாகரோடு வேறொரு வண்டியில் சென்னைக்குக் கிளம்பியது. அங்கிருந்துதான் விமானம். அதன் பின்னால் அதே காரில் நாங்களும் புறப்பட்டோம். நான் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தேன். ரொசான்னா அதைத் தாண்டிப் போய் முன்சீட்டில் உட்கார்ந்தார். முனிரத்னம் கியரில் கை வைத்ததும் அவர் கை மேல் ரொசான்னா தன் கையை வைத்தார். முனிரத்னம் ஒரு கையாலேயே வண்டியைக் கிளப்பினார். சென்னை வரைக்கும் எனக்கு வேலை இல்லை.