காஜா வைத்த உறை

எங்கள் சொந்தத்தில் நாலு பேர் கூடினால் இன்றைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் கதை வந்துவிடும். சொல்கிறவர்கள் எல்லோரும் தப்பாகவே சொல்கிறார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, தியாகதுருகத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. கொண்டுவந்தவர் சித்தப்பா. கள்ளக்குறிச்சியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்ததால் அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு கிடையாது. தூசிதான் இதற்கு எமன் என்றார். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொடுக்கும் அம்மா, கெட்டியான சோபாத் துணியில் சிபியூ பெட்டிக்கு ஓர் உறை தைத்தாள். பின்னால் வயர் போக ஒரு வழி, முன்னால் பொத்தான் இருக்கும் இடத்தில் அழகாக ஒரு காஜா. உறையைக் கழற்றாமலே விரலை விட்டு அமுக்கலாம். சித்தப்பாவே அசந்துபோனார்.

ஒரே வாரத்தில் கம்ப்யூட்டர் திக்க ஆரம்பித்தது. போட்டதும் நன்றாகத்தான் ஓடும். அரை மணி நேரத்தில் அம்புக்குறி நின்று நின்று நகரும். எனக்கு அதில் படம் வரைவதுதான் உயிர். வட்டம் போட்டால் எண்கோணம் வந்தது.

"எப்பப் பாத்தாலும் அத்தயே நோண்டிக்கினு இருந்தா அது இன்னா பண்ணும்?" என்று அப்பா திட்டினார். சித்தப்பா மூன்று முறை பெட்டியை பைக்கில் கட்டி எடுத்துப்போய், உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றினார். என் படங்களும் மூன்று முறை போயின. அவர் கடையில் நாள் முழுக்க ஓடியது. எங்கள் வீட்டுக்கு வந்ததும் திக்கியது.

"அங்க நல்லாத்தான் ஓடுது. இவ கைய வச்சாதான் மக்கர் பண்ணுது" என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கடைக்கே கொண்டுபோய்விடுவது என்று முடிவானது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அப்பாவுக்கு ஜீப் ஓட்டும் தொழில். சனிக்கிழமை அவரோடு வெள்ளிமலைக்குப் போனேன். மலை ஏற ஏற ஜீப் இழுக்க முடியாமல் திணறியது. அப்பா ஒரு வளைவில் நிறுத்தி, பானட்டைத் திறந்துவைத்தார்.

"சூடாயிடிச்சி. கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்றார்.

அவர் வழக்கமாகச் செய்வதுதான். அன்றைக்கு எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

மறுநாள் சித்தப்பா உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றோடு நின்றார். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"அடம் புடிக்காத, வுடு."

"வுட மாட்டேன். ஒரு மணி நேரம் குடுங்க. அப்பவும் திக்கிச்சின்னா எடுத்துக்கினு போங்க."

உறை இல்லாமல் போட்டேன். அரை மணி நேரம் ஆகியும் வட்டம் வட்டமாகவே வந்தது. பிறகு உறையை மாட்டினேன். பெட்டி இஸ்திரிப் பெட்டிபோல் கொதித்தது. எல்லோர் கண்முன்னாலும் வட்டம் எண்கோணமானது.

"நான் ஒண்ணும் பண்ணல! எல்லாம் அம்மாவாலதான்!" என்று கத்தி, அம்மாவை நோக்கிக் கையை நீட்டினேன்.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணி பொட்டிய இட்லி மாதிரி வேக வச்சிட்டாங்க!"

"அறிவுன்னு ஒண்ணு இருக்குதா உனக்கு?" என்று அப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா தையல் மிஷினை நிறுத்தினாள். "தூசி படக்கூடாதுன்னு சொன்னது யாரு? போத்துனேன். இன்னா இப்போ?"

அன்று சாயங்காலமே உறையின் பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு, கொசுவலைத் துணியை வைத்துத் தைத்து மறுபடி மாட்டினாள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் திக்கவே இல்லை. அது என்னிடமே இருந்தது.

அன்று நான் ஜெயித்தேன் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். கல்யாண வீடுகளில் அந்த இட்லிக் கதையை நானே முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன். இனி இப்படித்தான் சொல்வேன், யார் முகம் சுருங்கினாலும் சரி. அந்த உறையை மூன்று முறை தன் கையால் கழற்றித் தன் கையாலேயே மாட்டியவர் சித்தப்பா. ஒவ்வொரு ஏற்றத்திலும் பானட்டைத் திறந்தவர் அப்பா. அம்மா அந்தக் காஜாவுக்குள் விரலை விட்டு ஒருநாளும் பொத்தானை அமுக்கியதுகூட இல்லை. மூன்று பேரும் இருந்த கூடத்தில் என் கை ஏன் நேராக அவளை நோக்கிப் போனது என்று அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரியவில்லை.