ஹாரன் அடிக்காத ஊரில் ஒருத்தியின் தலைமுடி

மார்லிஸ் டோலஃப்சனின் தலைமுடியை அவள் கணவர் வெர்லின் முப்பத்தாறு வருட இல்லறத்தில் ஒரே ஒரு முறை பாராட்டினார். கல்யாணமான நாலாம் வருடம், மாவட்டக் கண்காட்சியில், பரிசு வாங்கிய பன்றி ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, "உன் முடி மோசமில்லை" என்றார். மின்னசோட்டாவின் தென்மேற்கு மூலையில் கிடக்கும் எங்கள் ஹால்வரில் இதற்கு மேல் காதல் வசனம் பேசியவர் எவருமில்லை. பேசியிருந்தால் மறுநாளே பாதிரியார் வீடு தேடி வந்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்திருப்பார்.

மார்லிஸ் அந்த வாக்கியத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். அதன் பிறகு முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளவே இல்லை. ஊரிலுள்ள அவள் வயதுப் பெண்கள் எல்லாரும் அறுவடை முடிந்த வயல் மாதிரி தலையை ஒட்ட வெட்டிக்கொண்ட பிறகும், அவள் மட்டும் கோதுமை நிறப் பின்னலைச் சுருட்டிப் பிடரியில் கொண்டையாகச் செருகியிருந்தாள்.

மார்ச் மாதம் வெர்லின் இறந்துபோனார். இறந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் நாகரிகத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

தானியக் கிடங்கில் எடை போடும் வரிசை. வெர்லின் தன் பிக்கப் டிரக்கில் உட்கார்ந்திருந்தார். பின்னால் கொக்கி போட்ட பெட்டி வண்டியில் போன வருடத்துச் சோளம். முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. வெர்லினின் வண்டி நகரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவர் எதிர்வீட்டுக்காரர் கிளென் ஹாகன். வெர்லின் ரேடியோவில் சோள விலை கேட்கிறார், கேட்டு முடித்ததும் நகருவார் என்று கிளென் நினைத்தார். கிளெனுக்குப் பின்னால் இன்னும் நாலு வண்டிகள். எங்கள் ஊரில் ஹாரன் என்பது சாலையில் குறுக்கே வரும் மான்களுக்காக. மனிதர்களைப் பார்த்து அடிப்பது மரியாதை இல்லை. ஐந்து பேரும் இருபது நிமிஷம் மரியாதையாகக் காத்திருந்தார்கள். உடனே பார்த்திருந்தாலும் அநேகமாகப் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் பிறகு சொன்னார். அந்த 'அநேகமாக' கிளெனின் தொண்டையில் மீன்முள்ளாகத் தங்கிவிட்டது.

சாவுச் சடங்கு முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விருந்து. தேவாலயப் பெண்கள் வட்டம் வட்டமாகப் பிரிந்து முறை வைத்துச் சமைப்பார்கள்; அந்த மாதம் முறை ரூத் வட்டத்துக்கு. ரூத் வட்டத்தின் தலைவி மார்லிஸ். முறையை மாற்றச் சொல்லி யாரையும் தொந்தரவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. மாற்றிக்கொள் என்று சொல்லி அவள் விஷயத்தில் தலையிட மற்றவர்களுக்கும் மனம் வரவில்லை. ஆகவே அவள் கறுப்பு உடைமேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, தன் புருஷன் சாவுக்கு வந்த நூற்று எண்பது பேருக்குத் தானே காப்பி ஊற்றினாள்.

"இன்னொரு ஹாம் பன் எடுத்துக்கோங்க. நிறைய இருக்கு."

"வேண்டாம் மார்லிஸ், போதும்."

"சும்மா எடுத்துக்கோங்க, வீணாப் போயிடும்."

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நல்லாத் தாங்கிக்கிறா என்று ஊர் மெச்சியது. நல்லாத் தாங்கிக்கொள்வதற்கு எங்கள் ஊரில் பரிசு ஏதும் கிடையாது. ஆனால் தாங்காதவர்களை ரொம்ப காலத்துக்கு ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

மே மாதக் கடைசியில் முடி கொட்ட ஆரம்பித்தது.

முதலில் குளியலறைச் சாக்கடை வாயில், அப்புறம் தலையணையில், அப்புறம் நாற்காலி முதுகில். மார்லிஸ் எண்ணத் தொடங்கினாள். இருநூற்றுப் பதினாலு. மறுநாள் இருநூற்று நாற்பது. ஒவ்வொரு முடியின் ஒரு முனையிலும் உப்புக்கல் அளவுகூட இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் வேர் என்று முடிவு செய்தாள். வேரே வந்துவிட்டால் இனி முளைக்க என்ன இருக்கிறது.

டார்சியிடம் போனாள். டார்சி தன் வீட்டுக் கராஜில் நாற்காலி போட்டு முப்பது வருடமாக ஊருக்கு முடி வெட்டுகிறவள். மார்லிஸோடு பள்ளியில் படித்தவள்.

"டார்சி, சும்மா கேக்கறேன். முடி கொட்டுறதுக்கு என்ன காரணம்?"

"யாருக்கு?"

"பொதுவா."

"உன் பொதுவெல்லாம் என் சீப்புல வந்திருக்கு, பாரு." டார்சி சீப்பைத் தூக்கிக் காட்டினாள். "தினமும் தலைக்குக் குளிக்கிறியா? அதான். குறைச்சுக்கோ. கொண்டையும் இறுக்கமாப் போடாதே. அப்புறம், உங்க வீட்டுத் தண்ணி எப்படி?"

தண்ணீர் என்றதும் மார்லிஸுக்கு நிலவறைச் சுவர் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் பாதி சுண்ணாம்பு. அதனால் வீட்டுக்கு வீடு நிலவறையில் தண்ணீரை மென்மையாக்கும் எந்திரம் ஒன்று நின்றுகொண்டு உப்புத் தின்னும். வெர்லின் மாதம் ஒரு மூட்டை உப்புக் கொட்டுவார். கொட்டிய தேதியைப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதி வைப்பார். கடைசித் தேதி பிப்ரவரி எட்டு. அதற்குப் பிறகு சுவர் வெறுமையாக இருந்தது.

உப்பு இல்லாமல் இல்லை. நாலு மூட்டை இருந்தது. இறந்த அன்று காலையில்தான் வாங்கி பிக்கப்பின் பின்தட்டில் போட்டிருந்தார். அந்தப் பிக்கப்பை கிளென் ஓட்டி வந்து கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். மார்லிஸ் மார்ச்சிலிருந்து அந்தக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. கடையில் புது மூட்டை வாங்கலாம். ஆனால் நாலு மூட்டை சும்மா கிடக்கும்போது ஐந்தாவதை வாங்குவது ஊதாரித்தனம். இந்தப் பாவத்துக்கு எங்கள் தேவாலயத்தில் மன்னிப்பு உண்டா என்பது இன்னும் தீராத கேள்வி. ஆக, பழைய உப்பை எடுக்கவும் முடியவில்லை, புது உப்பை வாங்கவும் முடியவில்லை. முடி மட்டும் தடையில்லாமல் கொட்டியது.

டார்சி சொன்னபடி நாலு நாள் தலைக்குக் குளிக்காமல் இருந்தாள். ஐந்தாம் நாள் குளித்தபோது வந்ததை எண்ண முடியவில்லை. குளியல் தொட்டியின் விளிம்பில் ஈரத்தோடு உட்கார்ந்து, அந்தப் பொன்னிறப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, மோசமில்லை என்று ஒருவர் சொன்னதில் இனி எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாள்.

ஜூன் கடைசியில் ஊரில் இன்னொரு சாவு. ரூத் வட்டம் ஹாட்டிஷ் செய்தது: கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்த பெரிய தட்டு. ஒரு கிழவர் தன் தட்டிலிருந்து மெதுவாக, மிக மெதுவாக, ஒரு நீண்ட முடியை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. அவர் அதைக் காகிதக் கைக்குட்டையில் மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தார். எப்படி இருந்தது என்று யாரோ கேட்டதற்கு, "வித்தியாசமா இருந்தது" என்றார். எங்கள் ஊரில் ஒரு சமையலை இதைவிடக் கடுமையாகத் திட்ட முடியாது. மார்லிஸ் காப்பிக் கூஜாவோடு பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு தேவாலயச் சமையலறை இழுப்பறையில், சமைக்கும்போது முடியை மூடிக்கொள்ளும் தலைவலைகள் ஒரு டஜன் புதிதாக இருந்தன. வைத்தது யார் என்று எவருக்கும் தெரியாது. எல்லாரும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், அவள் ஒருத்திக்கு மட்டும் உறுத்தக் கூடாது என்று. பதினோரு பேர் வலையோடு நின்ற அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை மருத்துவ நிலையத்துக்குப் போனாள்.

அங்கே டாக்டருக்குப் பதிலாக நோயாளிகளைப் பார்ப்பவள் மாய் ஷொங் என்ற செவிலி. முப்பத்தைந்து வயது. பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் கேள்வியை நேராகக் கேட்கும் கெட்ட பழக்கம் எப்படியோ ஒட்டியிருந்தது. மார்லிஸ் நிரப்பிய படிவத்தைப் பார்த்தாள். காய்ச்சல்: இல்லை. அறுவைச் சிகிச்சை: இல்லை. புது மருந்து: இல்லை. பட்டினி, எடைக் குறைப்பு: இல்லை. மன அழுத்தம்: இல்லை.

"மூணு நாலு மாசத்துக்கு முன்னாடி ஏதாவது நடந்துச்சாம்மா? மார்ச் வாக்குல?"

"விசேஷமா ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமேவா?"

"இந்த வருஷம் பனி கொஞ்சம் லேட்டா உருகுச்சு."

மார்லிஸ் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினாள்.

"அப்புறம், வெர்லின் தவறிட்டார்."

"வெர்லின் யாரு?"

"வீட்டுக்காரர்."

மாய் பேனாவைக் கீழே வைத்தாள். "இதை ஏம்மா எழுதலை?"

"எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியலை. 'உங்கள் உடல்நிலை'ன்னு போட்டிருந்தது. செத்தது அவர்தானே."

மாய் நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டாள். "உங்க சர்ச்சுல சமையலுக்கு வட்டம் வட்டமா முறை வெச்சிருக்கீங்கல்ல? முடியும் அப்படித்தான். தலையில சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொண்ணும் சில வருஷம் வளரும், ரெண்டு மூணு மாசம் ஓய்வெடுக்கும், விழும். முறை வெச்சு விழுறதால நமக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு அம்பது, நூறு எல்லாருக்கும் போகும். ஆனா பெரிய காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், இல்லை இந்த மாதிரி ஒரு அடி விழுந்தா, நிறைய வட்டம் ஒரே நாள்ல ஓய்வுக்குப் போயிடும். அது அன்னிக்கே தெரியாது. மூணு மாசம் கழிச்சு எல்லாம் சேர்ந்து விழும்."

"நாலு நாள் குளிக்காம பார்த்தேன். இன்னும் மோசமாச்சு."

"நாலு நாள் உதிர்ந்தது உள்ளயே சிக்கி நின்னிருக்கும். தண்ணி பிடுங்கலை, விட்டதை எடுத்துட்டுப் போச்சு."

"வேரோட வருதே."

"அந்த வெள்ளைப் புள்ளி வேர் இல்லை. முடி தானா முடிஞ்சு வந்ததுக்கு அடையாளம். வேர் உள்ளே பத்திரமா இருக்கு. ரத்தத்துல இரும்பும் தைராய்டும் பார்த்துடலாம், அதுலயும் கொட்டும். ஆனா எனக்கு இது மார்ச்னுதான் தோணுது. ஆறு மாசத்துல பெரும்பாலும் நின்னுடும்."

"அப்போ தண்ணியால இல்லையா?"

"சுண்ணாம்புத் தண்ணி முடியை வறட்டும். உதிர்க்காது."

மார்லிஸ் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். நல்ல செய்தி கேட்டவள் மாதிரி அவள் நடக்கவில்லை. தண்ணீர் காரணமாக இருந்திருந்தால் உப்புப் போட்டுச் சரி செய்திருக்கலாம்.

உப்பு அவசியமில்லை என்று ஆன பிறகுதான் கொட்டகைக்குப் போக அவளுக்குக் கால் வந்தது. அன்று பிற்பகலே போனாள். பின்தட்டில் நாலு மூட்டையும் தூசி மூடிக் கிடந்தன. முன்கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் வெர்லினின் விதைக் கம்பெனித் தொப்பி. எட்டி எடுத்தபோது முழங்கை ஹாரனில் பட்டது. கொட்டகை அதிர்ந்தது.

தொப்பிக்குள் வியர்வைப் பட்டையில் நரைத்த குட்டை முடிகள் ஒட்டியிருந்தன. பதினொன்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொன்றின் முனையிலும் அதே வெள்ளைப் புள்ளி. எல்லாம் முறை வந்து உதிர்ந்தவை. இதே முடியை முப்பத்தாறு வருடம் கைகழுவும் தொட்டியிலிருந்து வழித்து எறிந்துகொண்டே முணுமுணுத்தவள் அவள்.

வாசலில் மூச்சிரைப்பு கேட்டது. கிளென். எழுபது வயசுக்காரர், சாலையைத் தாண்டி ஓடி வந்திருக்கிறார். ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லை கிளென். கை பட்டுடுச்சு."

"சரி."

சரி என்றவர் போகவில்லை. மார்லிஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாலு மாசமா நிக்குது வண்டி. பாட்டரி செத்திருக்கணுமே?"

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து எஞ்சினைக் கொஞ்சம் ஓட விடறேன். சொல்லணும்னு தோணலை." கிளென் பூட்ஸ் இல்லாத காலைப் பார்த்தார். "அன்னிக்கு நான் அடிச்சிருக்கணும், மார்லிஸ்."

"யாருமே அடிக்கலையே."

"நான்தானே நேர் பின்னாடி இருந்தேன். விலை கேட்டுட்டு இருக்காருன்னு நெனச்சேன். நானும் அதைத்தான் கேட்டுட்டு இருந்தேன்."

மார்லிஸ் தொப்பியை மெதுவாக மடியில் வைத்தாள். "என்ன விலை அன்னிக்கு?"

கிளென் யோசித்தார். "மோசமில்லை."

அந்தச் சொல்லில்தான் அவள் அழுதாள். நாலு மாதத்து அழுகை. அழகாக இல்லை, சுருக்கமாகவும் இல்லை. கிளென் ஊர் வழக்கப்படி கூரை உத்திரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அதையும் விட்டுவிட்டு, ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலவறைக்கு நடந்தார். நாலு தடவை வந்து போனார். சாயங்காலம் மார்லிஸ் சுவரில் பிப்ரவரி எட்டுக்குக் கீழே, சற்று இடம் விட்டு, அன்றைய தேதியை எழுதினாள். அவள் எழுத்து வெர்லின் எழுத்தைவிட நன்றாக இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

ரத்தத்தில் குறை ஏதுமில்லை என்று முடிவு வந்தது. அக்டோபரில் ஒரு நாள் எண்ணினாள்: நாற்பத்தொன்று. மறுநாள் முப்பத்தெட்டு. உடம்பு தன் பங்குத் துக்கத்தை முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டது, அவளை ஒரு வார்த்தை கேட்காமல்.

டார்சி அவள் நெற்றியோரத்தைச் சீப்பால் தூக்கிப் பார்த்தாள். விரல்கடை நீளத்தில் முடிகள் விறைத்து நின்றன.

"பாரு, புதுசா முளைச்சிருக்கு. குழந்தை முடி மாதிரி. சந்தோஷம்தானே?"

"ம்."

"என்ன ம்? நாலு மாசமா என் உயிரை எடுத்தே. அடர்த்தியா வரும்டி, பழையபடி."

மார்லிஸ் கண்ணாடியில் அந்தக் குட்டை முடிகளைப் பார்த்தாள். விரலால் ஒரு தடவை படிய வைத்தாள். மறுபடி எழுந்து நின்றன.

"இது வெர்லின் பார்க்காத முடி" என்றாள்.

டார்சி சீப்பைக் கீழே வைத்தாள்.