பாட்டுக்குத் தனி பிளக் வைத்த லூர்து மேடம்

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் உட்கார்ந்து, ஊருக்குப் புதிதாக வந்த இரண்டு பேரிடம், கடல் எட்டிப் பார்க்காத இந்த மண்ணில் நான் படகு கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அலை எழும்புகிற இடத்துக்கு வந்துவிட்டேன். அப்போது செல்வி போன் செய்தாள். எங்கள் ஷெட்டில் வயரிங் பார்க்கிற பெண்.

"மாமா, எங்க கீறீங்க? உக்காந்துகினு இருந்தா அப்படியே உக்காருங்க. லூர்து மேடம் போய்ட்டாங்க. காலையில நெஞ்ச புடிச்சாங்களாம். ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிபோச்சாம்."

கதை அங்கேயே நின்றது. நான் ஆரம்பித்த கதையை முடிக்காமல் எழுந்து போனது ஆயுளில் அந்த ஒரு முறைதான். டீக்கடைக்காரரே சாட்சி.

லூர்து மேரியைத் தெரிந்தவர்கள் நீங்கள். ஷெட்டில் கூட வேலை பார்த்தவர்கள், காசிமேட்டு அண்ணன்மார்கள், சேரப்பணஞ்சேரி தேவாலயத்துக்காரர்கள். உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

சேரப்பணஞ்சேரியில் என் ஷெட்டில் முதலில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டிதான் செய்தோம். தண்ணீர் உள்ளே நின்றால் தொட்டி, வெளியே நின்றால் படகு, இவ்வளவுதானே வித்தியாசம் என்று நான் கண்டுபிடித்தேன். இந்தக் கம்பெனி பெல்ட் முழுக்க இதை யோசித்தவன் நான் ஒருவன்தான். காசிமேட்டிலிருந்து பாளையம் என்பவர், கேபின் வைத்த பெரிய ஃபைபர் படகு ஒன்று கேட்டு வந்தார். ஆழ்கடலுக்குப் போகிற படகு. இருக்கிற இடம் காட்டுகிற ஜி.பி.எஸ்., ஆழம் காட்டுகிற கருவி, திசைகாட்டி, என்ஜின் சூடு காட்டுகிற மீட்டர், எல்லாம் வேண்டும் என்றார். கட்டினேன். அப்படிப்பட்ட உடம்பை எந்தக் கப்பல் கம்பெனியும் கட்டியிருக்காது. ஆனால் உள்ளே வயர் இழுக்க எனக்கு ஆள் இல்லை.

லூர்து தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்தவர். கல்யாணமாகிச் சேரப்பணஞ்சேரிக்கு வந்தபின், நைட் ஷிப்டு வேண்டாமென்று விட்டுவிட்டார். நான்தான் போய்க் கூப்பிட்டேன். ஆளை எடை போடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

வந்த முதல் நாள் கேபினுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அதற்கு முன் ஓர் எலக்ட்ரீஷியன், ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு வயர் என்று இழுத்து வைத்திருந்தான்.

"என்ன அண்ணே, இடியாப்பம் புழிஞ்சு வச்சிருக்கிய?"

"வேலை செய்யுதேம்மா."

"இடியாப்பமும் நல்லாத்தான் இருக்கும். ஒரு நூல மட்டும் உருவி எடுங்க பாப்போம்."

அத்தனையையும் பிடுங்கிப் போட்டார். முன்னிருந்து பின்வரை ஒரே ஒரு தாய் வயர். ஒவ்வொரு கருவிக்கும் அதிலிருந்து ஒரு குட்டைக் கிளை. எல்லாக் கருவியும் அந்த ஒரே வயரில்தான் முறை வைத்துப் பேசும். யார் பேசினாலும் மற்ற எல்லாருக்கும் கேட்கும். கரண்ட் ஓரிடத்தில் மட்டும் உள்ளே வரும். தாய் வயரின் இரண்டு முனையிலும் மூடி மாதிரி ஒரு சாமான் மாட்டினார். அதற்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. காசுக்குக் கேடு என்றேன்.

"கிணத்துக்குள்ள கூப்பிட்டிருக்கியளா அண்ணே? நம்ம குரலே திரும்பி வந்து நம்மளயே குழப்பும்லா. அது திரும்பி வராம முழுங்குறதுக்கு இது."

அன்றிலிருந்து யார் கேட்டாலும் இந்தக் கிணற்று உதாரணத்தை நான்தான் சொல்வேன். நான் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

மாட்டி முடித்ததும் அவர் செய்கிற ஒரு வேலை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கருவியின் கிளையைப் பிடுங்குவார். செல்வி கேபினில் நின்று, "ஜி.பி.எஸ். கீது, ஆழம் கீது, என்ஜின் கீது" என்று மிச்சத்தைக் கத்த வேண்டும். மாட்டிவிட்டு அடுத்ததைப் பிடுங்குவார். நன்றாக ஓடுகிறதை ஏம்மா பிடுங்குகிறாய் என்று கேட்டேன். "ஒருத்தர் போனா மத்தவுக வேல நிக்கக் கூடாது அண்ணே. அதுதான் லைன்."

அப்புறம் ரோட்டு டெஸ்ட். கடலில் படகு எப்படி ஆடும் என்று ஷெட்டில் எப்படித் தெரியும்? "ஒரகடம் ரோடு இருக்குல்லா" என்றார். டிப்பர் லாரிகள் உழுதுபோட்ட ரோடு அது. ஒரு பலகையில் எல்லாக் கருவியையும் வயரோடு பூட்டி என் மினி லாரியில் ஏற்றினோம். பின்னால் லூர்துவும் செல்வியும், கடல் அலை மாதிரி கருவிகள்மேல் தெளிக்க ஒரு வாளி உப்புத் தண்ணீரோடு உட்கார்ந்தார்கள். நான் ஓட்டினேன். நான் ஓட்டிய ஓட்டத்தில் டிப்பர்காரர்களே ஓரம் கட்டினார்கள். ஒருவர் கும்பிட்டார் என்றுகூட ஞாபகம். பின்னாலிருந்து லூர்து கூரையைத் தட்டி, "இன்னும் கொஞ்சம் மோசமா ஓட்டுங்கண்ணே" என்றார். என் வண்டியில் ஏறி அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

வல்லக்கோட்டைக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு பள்ளம். எல்லாக் கருவியும் சொல்வதைக் காட்டுகிற ஸ்கிரீன் அணைந்துவிட்டது. எனக்கு அந்த ஊர்க் கோயில் முருகன்மேலேயே கோபம். லூர்துவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. ஒரு இணைப்பைக் கையால் மட்டும் முடுக்கி, பூட்டாமல் விட்டிருந்தோம். "இங்கன அணைஞ்சது நல்லதுண்ணே. ஓரமா நிறுத்திப் பாத்துட்டோம். கடல்ல ரோட்டோரம் கிடையாது."

இப்போது காசிமேடு. என் ஆயுளின் பெரிய நாள். படகை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனோம். வழியெல்லாம் சனம் நின்று பார்த்தது, பூந்தமல்லியில் டிராபிக்கே நின்றது. காலையில் பூஜை போட்டு, நல்ல நேரத்தில் தண்ணீரில் இறக்கி, அப்படியே பாளையமும் ஆட்களும் ஆழ்கடலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. படகு முழுக்க மாலை, சீரியல் பல்பு, உச்சியில் ஸ்பீக்கர் வைத்து அம்மன் பாட்டு. சந்தனம் குங்குமம் வைக்காத பலகை இல்லை.

லூர்து கேபினுக்குப் போய்த் தன் வழக்கப்படி ஒரு கிளையைப் பிடுங்கினார். செல்வி கத்த ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். பாட்டில் மேளம் அதிருகிறபோதெல்லாம் ஸ்கிரீன் முழுக்க அணைந்து அணைந்து எரிந்தது. லூர்து பாட்டை நிறுத்தச் சொன்னார். நின்றது. ஸ்கிரீன் தெளிவாக நின்றது.

"பாட்டு நின்னா எல்லாம் சரியா கீது மேடம்" என்றார் பாளையம். "கெளம்பலாம். நல்ல நேரம் பூடும்."

"வயர மூடியிருக்க இந்தப் பலகைய கழட்டணும்" என்றார் லூர்து.

புதுப் பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, தேங்காய் சுற்றி உடைத்த பலகை. அதைக் கிளம்புகிற நேரத்தில் கழற்றுவதா? கூட்டம் முணுமுணுத்தது. பாளையத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா மேடம், அபசகுனமா பேசறீங்க. இப்ப கெளம்பலன்னா படகே வாணாம், நீங்களே இஸ்துகினு போய் ஏரில வுடுங்க."

இந்தப் படகு போகவில்லையென்றால் அடுத்த படகு இல்லை, தொட்டிக்கே திரும்ப வேண்டியதுதான். லூர்துவைப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பலகையை விட்டு விலகவில்லை.

அப்போது பாளையத்தின் மனைவி கன்னியம்மா கரையிலிருந்து படகில் ஏறி வந்தார். ஆரத்தித் தட்டு கையிலேயே இருக்க, லூர்துவிடம் கேட்டார்.

"இந்தாம்மா, ஒண்ணு கேக்கறேன். உன் வூட்டு ஆளுன்னா இப்ப அனுப்புவியா?"

"அனுப்ப மாட்டேன் அக்கா."

கன்னியம்மா தட்டைக் கீழே வைத்தார். "கயட்டு" என்றார்.

கழற்றினால், உள்ளே தாய் வயரின் தோலைச் சீவி, அதில் இரண்டு கம்பியைக் கொக்கி மாதிரி மாட்டி, செல்லோ டேப் சுற்றியிருந்தது. ஸ்பீக்கருக்கும் சீரியல் பல்புக்கும் அங்கிருந்துதான் கரண்ட் போனது. யார் வேலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கன்னியம்மாவின் தம்பி ஆடித் திருவிழாவுக்குக் கரண்ட் கம்பத்தில் கொக்கி போடுவதில் பேர் போனவர். "சாமி பாட்டுக்குத்தானேக்கா" என்றார் பாவம். கருவிகள் பேசுகிற மெல்லிய வயர் அது. ஸ்பீக்கர் மொத்தக் கரண்டையும் உறிஞ்சினால் மற்றவை என்ன செய்யும்? பாட்டை நிறுத்திவிட்டுப் போயிருந்தாலும், சீவிய இடத்தில் உப்புக் காற்று பட்டு நடுக்கடலில் எல்லாம் ஒன்றாக அணைந்திருக்கும்.

லூர்து அந்தத் துண்டையே தூக்கிப் போட்டுவிட்டு, பையிலிருந்து வேறு துண்டு எடுத்துப் பூட்டினார். நல்ல நேரம் போய்விட்டது. அங்கேதான் நான் உள்ளே வந்தேன். மத்தியானம் இதைவிட உசத்தியான நேரம் ஒன்று இருக்கிறது, கடல் பிரயாணத்துக்கென்றே ஏற்பட்டது என்று, காலண்டரைப் பார்க்காமலே அடித்துச் சொன்னேன். பூஜைக்கு வந்த ஐயரே தலையாட்டிவிட்டார். படகு மத்தியானம் போனது.

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. கொக்கி போட்ட பாளையத்தின் மச்சானைத் திட்டுவார் என்று நினைத்தேன். லூர்து ஷெட்டுக்கு வந்ததும் அடுத்த படகின் வயரிங் படத்தில் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தனி லைன் போட்டார். கேபின் வாசலில், கை நீட்டினால் எட்டுகிற இடத்தில், சிவப்பாக ஒரு பிளக். மேலே பெயிண்டில் 'பாட்டு' என்று எழுதச் சொன்னார்.

"எதுக்கும்மா? கொக்கி போடாதேன்னு எழுதினா போதாதா?"

"பூச போடாத படகு உண்டா அண்ணே? நாம குடுக்கலேன்னா அவுக எடுத்துக்கிடத்தான் செய்வாக. பாட்டுக்கு ஒரு லைன், பாதைக்கு ஒரு லைன்."

பாளையம் திரும்பி வந்தபோது மழையில் நனைந்த கோழி மாதிரி இருந்தார். நேரே ஷெட்டுக்கு வந்து லூர்து முன்னால் நின்றார். "ஆயம் காட்ற மெசின் பூட்ச்சி மேடம். காத்துல இன்னாவோ அடிச்சி ஒடச்சிருச்சி. மத்ததெல்லாம் பேசிகினே வந்துச்சி. அத்த புடிச்சிகினுதான் கர ஏறினோம்." தன் படகுக்கும் ஒரு பாட்டு பிளக் வேண்டும் என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டிலிருந்து போன எந்தப் படகும் அந்தப் பிளக் இல்லாமல் போனதில்லை. அதைக் கண்டுபிடித்தது நான் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே எழுதிவிடுகிறேன், லூர்துதான்.

நேற்று சேரப்பணஞ்சேரியில் அவர் வீட்டுக்குப் போனேன். கரண்டில் ஓடுகிற கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். வெளியே பந்தல், ஃபாதர் மைக்கில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். மைக் கொஞ்சம் உரக்க எழும்பும்போதெல்லாம் பெட்டியின் பச்சை விளக்கு மங்கி மங்கி எரிந்தது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஜன்னல் வழியாக வந்த ஒரே வயரில் பந்தல் விளக்கு, மைக், பெட்டி எல்லாவற்றையும் மாட்டியிருந்தார்கள்.

எழுந்து போய்ப் பார்த்தால், செல்வி ஏற்கெனவே சமையலறைப் பக்கத்திலிருந்து வேறு லைன் இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை, வாயில் டேப். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். மைக்கை அதற்கு மாற்றினோம்.

என்னிடம் லூர்துவின் படிப்பு இல்லை, பொறுமை இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்ட பழக்கம் ஒன்றுதான். மாட்டிவிட்டோம் என்று நம்பிப் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. நடு ஜெபத்தில் மைக் பிளக்கைப் பிடுங்கினேன். ஃபாதரின் குரல் சட்டென்று நின்றது. கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. செல்வி பெட்டியருகே போய், யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "பெட்டி கீது மாமா."

பிளக்கைத் திரும்ப மாட்டினேன். ஃபாதர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.