மலட்டுக் கோழியோடு திருச்சுழிக்கு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த செவலைக் கோழி இரண்டு மாதமாக முட்டையிடவில்லை. "கொண்டாந்தவளாட்டமே கோழியும் மலடு. சிவராத்திரிக்கு நம்ம கொலசாமி கோயில்ல அடிச்சுக் கொழம்பு வச்சிர வேண்டியதுதான்" என்றார் மாமியார். சிவராத்திரிக்குப் பதினேழு நாள் இருந்தது. என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் கஞ்சி குடித்தார். திருச்சுழிச் சந்தையில் மிளகு, சீரகம் விற்கும் செல்லம்மாளுக்குக் கோழிப் பக்குவம் தெரியும் என்றார்கள். மறுநாளே கோழியை ஓலைப்பெட்டியில் வைத்துக் கிளம்பினேன்.

அருப்புக்கோட்டைக்கு இரண்டு மைல் நடை. அங்கிருந்து திருச்சுழி பத்து மைல், நாலணா. பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடிய நேரம் அது. ஏழு மணி பஸ், கரி பற்றிக் கிளம்ப எட்டாகிவிட்டது.

"கோழிக்கு டிக்கெட்டு எடுத்தியாத்தா?" என்றார் டிரைவர்.

"அது என் மடியிலதான வருது."

"மடியில வந்தா புள்ளைக் கணக்கு. அரை டிக்கெட்டு போடணும்ல!"

பஸ்ஸே சிரித்தது. அந்த டிரைவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் அந்தப் பாதை! பனி கலையவில்லை. கரிப்புகையும் பனியும் சேர்ந்து, பனைமரங்கள் வேரில்லாமல் மிதந்தன. கரிசல் மேல் வெடித்த பருத்தி, வானம் இறங்கிப் படுத்த மாதிரி கிடந்தது. கோழி கண் சொருகியது. நானும் சொருகினேன். பத்து மைலும் யாரோ என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டியதுபோல் போயிற்று.

ஒன்பது மணிக்குச் சந்தை. செல்லம்மாள் கோழியைக் கவிழ்த்துப் பிடித்து, பின்பக்க எலும்புக்கு நடுவே விரல் வைத்துப் பார்த்தார்.

"மூணு விரல் போகுது. கொண்டையும் செக்கச்செவேல்னு இருக்கு. இது நேத்துக்கூட முட்டை விட்டிருக்கு தாயி. எவனோ எடுத்துக்கிடுதான்."

"பாம்பா இருக்குமோ பெரியம்மா?"

"ரெண்டு மாசமா விடாம வர பாம்புக்கு உன் வீட்டுல சம்பளமா? காவல் இருந்து பாக்க வேண்டியதுதான?"

"விடியக்காலமே பருத்திக் காட்டுக்குப் போயிருவேனே."

அவர் மிளகாய் வத்தல் தோல், மஞ்சள், கருஞ்சீரகம், காய்ந்த முருங்கைக்கீரை எல்லாம் சேர்த்து இடித்துக் கொடுத்தார். "கம்போட பெசறிக் குடு. கோழிக்குத் தெம்பு. பத்து நாள்ல மஞ்சக்கரு குங்குமமாட்டம் சிவக்கும். பெறகு எங்க சிவப்பு ஒட்டுதுன்னு பாரு."

பதினோராம் நாள் வீட்டுக்காரரின் வெள்ளைத் துண்டைத் துவைக்க எடுத்தேன். முனையில் அந்திவானம்போல் ஒரு கறை. மாமியார் முன்னால் விரித்தேன்.

"வெத்தலச் சாறு" என்றார் வீட்டுக்காரர்.

"நீ என்னிக்குடா வெத்தல போட்ட?" மாமியார் துண்டை மோந்தார். "முட்டைக் கவிச்சி."

"பச்சையாக் குடிச்சா ஒடம்புக்கு நல்லதுன்னு..." என்று இழுத்தார். சிவராத்திரிக்குச் சந்தையில் சேவல் வாங்கினார்கள்.

திருச்சுழி போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். பனி விலகினால் அந்தப் பாதை வெறும் பாதைதான். கோழி வளர்ப்பவர்களுக்கு: ஒரு கைப்பிடி கம்புக்கு ஒரு சிட்டிகைப் பொடி போதும். நிறம் மாறப் பத்து நாளாவது பொறுங்கள்.

பின்னால் எங்களுக்கு நாலு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்தும் வெகுகாலமாகிவிட்டது. திவசத்துக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைக்கிறேன். முட்டை மட்டும் வைப்பதில்லை.