வயிற்றுக்குள் இருந்த தலையெழுத்து

ஏழு மாதம் என் கணவரின் மண்டையோட்டில் ஒரு துண்டு அவர் வயிற்றுக்குள் இருந்தது. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

சித்திரைக் கடைசியில் நடந்த விபத்து. பட்டுக்கோட்டை போகிற சாலையில் பாதியை அடைத்து யாரோ கோடை நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். பைக் நெல்லில் ஏறிச் சறுக்கிவிட்டது. ஹெல்மெட் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரைத் திட்டுவது? போன வருஷம் அதே இடத்தில் நெல் காயப்போட்டவர்கள் நாங்கள்தான்.

தஞ்சாவூரில் ஆபரேஷன். மூளை வீங்குகிறது, வீங்க இடம் வேண்டும் என்று வலப்பக்க மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார். இடக்கையில் மட்டும் பிடிப்பு போய்விட்டது. எடுத்த எலும்பு கெடாமல் இருக்க அடிவயிற்றில் தோலுக்குக் கீழே வைத்துத் தைத்திருந்தார்கள்.

"அவர் உடம்பே அதைப் பாத்துக்கும். மூணு மாசத்துல வாங்க, எடுத்துத் திரும்பப் பொருத்திடலாம். ரொம்பத் தள்ளிப் போடாதீங்க. வயித்துலயே கரைய ஆரம்பிச்சிடும். சீக்கிரம் மூடினா கையும் கொஞ்சம் தேற வாய்ப்பு இருக்கு" என்றார் டாக்டரம்மா.

இதில் முதல் வாக்கியம் மட்டும்தான் எங்கள் குடும்பத்தார் காதில் விழுந்தது. உடம்பே பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான், விதைநெல்லைக் குதிரில் போட்டு மூடிய நிம்மதி எல்லோருக்கும் வந்துவிட்டது.

எனக்கு வரவில்லை. எலும்பில்லாத இடத்தில் தோல் பள்ளமாக உள்வாங்கியிருக்கும். இருமினால் மேலே எழும்பும். அந்தத் தோலுக்குக் கீழே நேராக மூளை. எங்கள் வீட்டைச் சுற்றியோ பதினாலு தென்னைமரம். ஆள்விட்டு இளநீர், குரும்பை உட்பட எல்லாவற்றையும் இறக்கினேன். காய்ந்த மட்டை ஒன்றுகூட விடவில்லை. அப்படியும் இவர் மோட்டார் கொட்டகைக்குப் போகிறேன் என்று மரத்தடியாகவே நடப்பார். நான் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடுவேன். "தேங்காய் விழுந்தாக்கூட இவ்ளோ சத்தம் வராது" என்பார்.

பார்க்க வந்தவர்கள் தலையை விட்டுவிட்டு வயிற்றைத்தான் கேட்டார்கள். சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள். அவருடைய சித்தப்பா ஒருபடி மேலே போய், "பிரம்மன் மண்டையோட்டுல கிறுக்கினதுதானே தலையெழுத்து? உனக்கு அது வயித்துல இருக்கு. இனிமே பாத்துச் சாப்புடுடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது மாதம் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். ஆடி இருபத்தெட்டு. மாமனார் காலண்டரைப் பார்த்துவிட்டு, "ஆடியில கத்தி வெக்கக் கூடாதும்மா" என்றார்.

"சித்திரையில வெச்சப்ப நாள் பாத்தா வெச்சாங்க, மாமா?"

"அது உயிர் போற அவசரம். இப்ப என்ன? அதான் பத்திரமா இருக்கே."

இவரைப் பார்த்தேன். இவர் விட்டத்தைப் பார்த்தார். அப்பா பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாத பிள்ளை.

சரி, ஆவணி பிறக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறந்தவுடன் நாத்தனார் வந்து நின்றார்கள். இவருக்கு அக்கா. ஆவணிக் கடைசியில் அவர்கள் மகளுக்குக் கல்யாணம். "தாய்மாமன் இல்லாம எப்படி? நீ ஆஸ்பத்திரியில படுத்துட்டா சீர் யார் தூக்குறது? முடிஞ்சதும் பண்ணிக்கலாம்டா. ஒரு மாசத்துல என்ன ஆயிடப் போவுது" என்றார்கள். ஏதாவது ஆகிவிட்டால் கல்யாணம் நின்றுபோகும் என்பதுதான் அதற்குள் இருந்த பயம். வாயைவிட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

மேடையில் பட்டுத் தலைப்பாகை கட்டிப் பள்ளத்தை மறைத்து உட்காரவைத்தார்கள். சீர்த்தட்டை இவர் வலக்கையால் பிடிக்க, மறுபக்கத்தை நான் தாங்கினேன். அட்சதை பறந்து வந்தபோதுகூட இவர் தலைக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்தேன். வீடியோவில் நான் மட்டும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்காமல் இவர் தலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அடுத்த தேதி புரட்டாசி முதல் வாரம். அதுவும் தவறியது. எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். கடைசியில் ஐப்பசியில், அடைமழைக்கு நடுவில் போய்ச் சேர்ந்தோம்.

முதலில் ஸ்கேன். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்தார். பிறகு பேனாவால் காட்டினார். வயிற்றுக்குள் இருந்த துண்டு ஓரமெல்லாம் அரித்து, நடுவிலும் மெலிந்து போயிருந்தது. "கரைஞ்சிருக்கும்மா. இதை வெச்சா நிக்காது. அளவெடுத்து டைட்டானியத்துல தகடு பண்ணித்தான் வெக்கணும். அது வர ரெண்டு மாசம் ஆகும்."

"முன்னாடியே வந்திருந்தா?"

"சிலருக்குச் சீக்கிரமே கரையும், சிலருக்குக் கரையாது. முன்னாடி வந்திருந்தா இதையே வெச்சிருக்கலாமோ என்னமோ."

அந்த என்னமோவை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. இன்னும் இரண்டு மாதம் திறந்த மண்டையோடு, தென்னைமரங்களுக்கு நடுவில்.

வீட்டுக்கு வந்ததும் ஆடித் தீர்த்தேன். மாமனாரின் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி அவர் முன்னாலேயே போட்டேன். மனிதர் குனிந்து எடுத்துத் தூசி தட்டினார். மறுநாள் நாத்தனார் வந்து தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் இவன் தலையெழுத்து" என்று ஆரம்பித்தார்கள்.

"தலையெழுத்த வயித்துல பத்திரமாத்தான் வெச்சிருந்தாங்க அண்ணி. நாமதான் அழிச்சோம். மாமா பாதி, நீங்க பாதி."

அவர்கள் அழுதுகொண்டே போனார்கள். எனக்கு அன்று ஒரு பொட்டு வருத்தம்கூட இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்தக் கணக்கைத் தப்பாகப் பங்கு போட்டேன். பாதியும் பாதியும் போனால் என் பங்கு எங்கே?

புரட்டாசித் தேதி வேறு யாராலும் தள்ளிப்போகவில்லை. என்னால்தான் போனது. அந்த வாரம் குறுவை அறுப்புக்கு நின்றது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நாலு நாளாகப் பிடிகொடுக்காத அறுவடை மெஷின்காரர், ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் போன் பண்ணி, "நாளைக்கு உங்க வயல்ல இறங்குறேன். விட்டா பத்து நாளாகும், டீச்சர்" என்றார். மாமனாரால் நாள் முழுக்க வரப்பில் நிற்க முடியாது; என்னை விட்டால் வேறு ஆளில்லை. ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நாத்தனார் சொன்ன மாதிரியே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, அவருக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது. வீட்டில் எல்லோரிடமும் ஆஸ்பத்திரியில்தான் தள்ளிவைத்துவிட்டார்கள் என்றேன். அறுத்த நெல் ஈரம். காயப்போட இடமில்லை. கொண்டுபோய் ரோட்டில்தான் கொட்டினேன்.

தகடு மார்கழியில் வைத்தார்கள். மார்கழியாயிற்றே என்று இந்தத் தடவை ஒருவரும் காலண்டர் பக்கம் போகவில்லை. தலை உருண்டையாக ஆகிவிட்டது. மிச்சமிருந்த எலும்பை வயிற்றிலிருந்து எடுத்துவிட்டார்கள். இடக்கையில் மூன்று விரல் மடங்குகிறது, இரண்டு மடங்கவில்லை. சீக்கிரம் மூடியிருந்தால் மடங்கியிருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தையில் ஒரு நாள் இவர் அந்தக் கையால் காப்பி டம்ளரைப் பிடித்துப் பார்த்தார். நழுவிக் கீழே கொட்டியது. துடைக்கக் குனிந்தவள் நிமிராமலேயே சொன்னேன்.

"புரட்டாசியில ஆஸ்பத்திரியில தள்ளி வெக்கலைங்க. நான்தான் போன் பண்ணி..."

"தெரியும்."

நிமிர்ந்தேன்.

"நீ மோட்டார் கொட்டகைக்கிட்ட நின்னு பேசினப்ப நான் பின்னால மரத்தடியிலதான் நின்னேன். திட்டுவியேன்னு வெளிய வரல."

"பின்ன ஏங்க அன்னிக்கே சொல்லல? வேணாம், கெளம்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

இவர் வலக்கையால் அந்த இரண்டு விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் நெல்லு வீடு வந்து சேரட்டும்னுதான் இருந்துச்சு."