பால்மரின் ஊர்வலத்துக்கு விளக்கு

அர்லிஸ் டோர்விக்குக்கு யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாது. அவள் ஒருத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. மினசோட்டாவின் தென்கோடியில் எங்கள் பக்கம் பிறந்த எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. காபி குடிக்கிறீர்களா என்றால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவைதான் சரி என்போம். கால் முறிந்து கிடந்தாலும் "பரவாயில்ல, இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு" என்போம். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் ஆக்கிப் போட்டவள் அர்லிஸ். கொதிக்கிற அண்டாவைக்கூட ஒரு கை பிடி என்று யாரையும் கூப்பிடாமல் தானே இறக்கி வைத்தவள்.

பக்கத்துப் பண்ணை பால்மர் நைகார்டு இறந்த மறுநாள் காலையில் அவர் மனைவி வெர்னா போன் செய்தாள்.

"அர்லிஸ், தொந்தரவு இல்லேன்னா ஒண்ணு கேக்கலாமா? பெட்டியை வண்டியில வச்சு லோவெலோட டிராக்டர்தான் இழுக்கணும்னு இவரு பாதிரியார்கிட்ட சொல்லி வச்சிருக்காரு. முடியாட்டி விட்ரு."

"இதுல என்ன தொந்தரவு? ஒண்ணுமே இல்ல."

போனை வைத்த கையோடு கொட்டகைக்கு ஓடினாள். கணவன் லோவெல் காலமான பிறகு அந்தச் சாம்பல் நிற டிராக்டரை யாரும் தொட்டதில்லை. மூடியைத் தூக்கினால் உள்ளே எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. ஒயர்களையெல்லாம் தின்று தீர்த்து, மிச்சத்தைக் கடித்துக் கூடு கட்டியிருந்தது. டைனமோவைக் கையால் சுற்றிப் பார்த்தாள், கறமுற என்றது. பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முள்ளால் காட்டும் ஆம்மீட்டரின் கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்திருந்தது.

ஆனால் மாட்டேன் என்று சொல்லும் பேச்சுக்கே இடமில்லை. பல வருடங்களுக்கு முன் லோவெல் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சோளம் முற்றிக் காய்ந்து வயலில் நின்றது. பால்மர் ஒரு விடியலில் தானாக வந்தார். இதே டிராக்டரைக் கிளப்பினார். கடைசி வரிசை வரை அறுத்து வீடு சேர்த்துவிட்டுத்தான் தன் வயலுக்குப் போனார். அதற்குள் அவர் சோளத்தில் ஒரு பங்கின் மேல் பனி விழுந்துவிட்டது. அர்லிஸ் ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு போய், "நீங்க இவ்வளவு செஞ்சிருக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். அவர், "சும்மாதானே இருந்தேன்" என்றார். எங்கள் ஊரில் நன்றி சொல்வதும் அதற்குப் பதில் சொல்வதும் இந்த அழகில்தான் நடக்கும்.

அவள் தம்பி டுவெயின் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, இது மியூசியத்துக்குப் போக வேண்டிய சாமான். என் புது டிராக்டரைக் கொண்டாரேன். பட்டனைத் தட்டினா போதும்."

"அவரு கேட்டது உன் டிராக்டரை இல்ல."

"சரி, இதையே ஓட்டு. விளக்கைச் சரி பண்றது எதுக்கு? பட்டப்பகல்ல போகப் போற."

"சவ ஊர்வலத்துல விளக்குப் போடாமலா? சந்தைக்குப் பூசணிக்காய் ஏத்திட்டுப் போறேன்னு நெனப்பாங்க. வேலையப் பாத்துட்டுப் போடா."

விஷயம் அந்த விளக்கில்தான் இருந்தது. ஊர்வலத்தில் வரும் அத்தனை வண்டியும் பகலிலேயே முன்விளக்கை எரியவிட்டு வர வேண்டும். அந்த டிராக்டருக்கோ என்ஜினில் பொறி தட்டுவதும் விளக்கு எரிவதும் ஒரே சின்ன பேட்டரியில். டைனமோ திருப்பி ஊட்டினால்தான் பேட்டரி தாங்கும். இல்லையென்றால் விளக்கு குடித்துக் குடித்து, கல்லறை மேட்டு ஏற்றத்தில் என்ஜின் இருமி நின்றுவிடும். பின்னால் பெட்டிக்குள் பால்மர், அதற்குப் பின்னால் ஊரே.

டைனமோவைக் கழற்றி டவுனில் கொடுத்துப் புதுக் கார்பன் போட்டு வாங்கி வந்தாள். அதிலிருந்து, மின்சாரத்தை அளவாக விடுகிற ரெகுலேட்டர் பெட்டிக்கு இரண்டு ஒயர், பெட்டியிலிருந்து புது ஆம்மீட்டருக்கு ஒன்று, அங்கிருந்து பேட்டரிக்கு ஒன்று. பேட்டரியின் பிளஸ் முனையை உடம்போடு சேர்க்கிற தலைகீழ் டிராக்டர் அது. அதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லோவெலுக்கு டார்ச் பிடித்தே பாதி ஆயுள் போனவள்.

என்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. விளக்கைப் போட்டாள். முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. வேகத்தைக் கூட்டினாள். அசையவில்லை. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி முறுக்கினாள். அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி முள் மைனஸிலேயே உட்கார்ந்திருந்தது. டவுனுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். கேட்டால் அவர்கள் வேலையைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று கேட்கவில்லை. ஆண்டவரிடம் மட்டும் கேட்டாள், அதுவும் தயங்கித்தான்.

அடக்கத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வெர்னா கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"வீட்ல இருக்க முடியல அர்லிஸ். ஃபிரிட்ஜைத் தெறந்தா துக்கத்துக்குன்னு யாரோ சுட்டுக் கொண்டாந்த கேசரோல் சட்டி, வாசலைத் தெறந்தா இன்னொரு கேசரோல். இன்னும் யாராவது பன்னித் தொடையைத் தூக்கிட்டு வந்தா நானும் போய் அவரு பக்கத்துல படுத்துக்குவேன்." உள்ளே வந்து டிராக்டரைத் தடவினாள். "எப்படிப் போகுது?"

"மோசமில்ல," என்றாள் அர்லிஸ். கண் கலங்கியிருந்தது.

வெர்னா முள்ளைப் பார்த்தாள். "டைனமோவைக் கழட்டினியா?"

"டவுன்ல குடுத்துச் சரி பண்ணேன்."

"மாட்டினப்புறம் எழுப்பினியா?"

"எதை?"

"அதைத்தான். கழட்டி வேலை பாத்தா எந்தப் பக்கம் ஊட்டணும்னு அதுக்கு மறந்துபோகும். ஒரு பொறி காட்டி எழுப்பி விடணும். இவரு எப்பவும் என்னைத்தான் கூப்பிடுவாரு. 'தொட்டுட்டு எடு, தொட்டுட்டு எடு'ன்னு கத்துவாரு. நான் கண்ணை இறுக்க மூடிட்டுத் தொடுவேன்."

அர்லிஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இது உனக்குத் தெரியுமா? நான் இங்க தலையால தண்ணி குடிச்சிட்டு இருக்கேனே!"

"நீ கேக்கலையே."

"புருஷனைப் பறிகொடுத்து நிக்கிறவகிட்ட வந்து டைனமோ பத்திக் கேக்கவா?"

"கேட்டிருந்தா அந்தக் கேசரோல்கிட்டேருந்து தப்பிச்சிருப்பேன்ல?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அர்லிஸ் என்ஜினை நிறுத்தினாள். வெர்னா ஒரு துண்டு ஒயரை வாங்கி, ஒரு முனையை ரெகுலேட்டரில் பேட்டரித் திருகின் மேல் வைத்துக் கண்ணை மூடினாள். பழக்கதோஷத்தில் ஒரு குரலுக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை.

"தொட்டுட்டு எடு!" என்று அர்லிஸ் கத்தினாள்.

மறுமுனை டைனமோத் திருகைத் தொட்டதும் 'சட்'டென்று ஒரு பொறி தெறித்தது. அவ்வளவுதான் வேலை. அர்லிஸ் என்ஜினைக் கிளப்பி, விளக்கைப் போட்டு, வேகத்தைக் கூட்டினாள். முள் நடுங்கியது, நிமிர்ந்தது, பிளஸ் பக்கம் ஏறி நின்றது. வெர்னா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பால்மர் போனதிலிருந்து அவள் அழுதது அப்போதுதான். அர்லிஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து, "காபி குடிக்கிறியா?" என்று வெளியே விழுந்தது.

மறுநாள் நல்ல வெயில். வெயிலிலும் அத்தனை வண்டியும் விளக்கோடு வந்தன. ஏற்றத்தில் என்ஜின் உறுமியது. அர்லிஸ் பாதையை ஒரு கண்ணாலும் முள்ளை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். அது பிளஸை விட்டு இறங்கவே இல்லை. மேட்டின் மேல் போய் என்ஜினை நிறுத்தியதும் மற்ற வண்டிகளில் விளக்கு அணைந்தது. அவள் மட்டும் அணைக்கவில்லை.

எரிகிற வண்டி விளக்கைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போக எங்கள் ஆட்களால் முடியாது. ஜெபம் முடிந்ததும் ஆளாளுக்கு வந்து காதைக் கடித்தார்கள். டுவெயினும் வந்தான். "அக்கா, விளக்கு எரியுது. பேட்டரி போயிரும்."

"தெரியும். எரியட்டும்."

பெட்டியருகே போய் அதன் மேல் கை வைத்தாள். கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, எங்கள் ஊரில் யாரும் பேசாத குரலில் சொன்னாள்: "ரொம்ப நன்றி பால்மர். அந்தச் சோளத்துக்கு. லோவெல் எந்திரிச்சு வந்தப்ப அவருக்கு ஒரு பண்ணை மிச்சம் இருந்துச்சுன்னா அது உங்களாலதான்."

எல்லாரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். வெர்னா மட்டும் நிமிர்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பால்மரின் குரலிலேயே சொன்னாள்:

"சும்மாதானே இருந்தேன்."

வீடு திரும்ப அர்லிஸ் டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். ஊரே பேட்டரி போயிருக்கும் என்று காத்திருந்தது. முதல் இழுப்பிலேயே பிடித்தது.